சிவப்பு மெஷின் ஓய்வெடுத்த நாள்

“மெஷின் தப்புன்னு சொல்றாங்க. ஒரு மெஷின் மேல நான் எப்படிங்க கோபப்படறது?”

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் குரலை உயர்த்தாமல் கேட்டாள். பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில், அவள் கணவன் கண் திறக்காமல் கிடந்தான். அவன் டிரைவர். அவன் ஓட்டுகிற வண்டியில்தான் இவளுக்கு டியூட்டி.

காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு வந்தவனை யாரோ இந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். பென்சிலின் அவனுக்கு ஆகாது. அது இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும். சில வருடங்களுக்கு முன்பு அதே ஊசியால் முகம் வீங்கி, இங்கேதான் பிழைத்துப் போனான். ஆனால் இந்த முறை கம்ப்யூட்டர் திரை அவனுக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது.

“உங்களுக்கு மெஷின் வேண்டாம், ஆள் வேணும். அவ்வளவுதானே?” என்றாள் அண்ணி.

துப்பறியும் தொழிலில் அவளுக்கு அந்தப் பெயர்தான். முதலில் கொழுந்தன் கூப்பிட்டான், பிறகு கேஸ் கொண்டுவந்தவர்கள், கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியே ஆகிவிட்டது. அதற்கு முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதவியாளன் அந்தக் கொழுந்தனேதான். மூக்கில் அமர்ந்திருந்த தடித்த கண்ணாடியின் தயவால் ஊருக்கே அவன் சோடா. பிரிண்டர் விற்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவன். விட்டானா, விடுவித்தார்களா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

“நேரம் இல்ல அண்ணி,” என்றான் சோடா. “காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேரைப் போன வருஷம் தூக்கிட்டு இலவச சாஃப்ட்வேர் போட்டாங்களாம். இப்போ இலவசம்னா இதுதான் கதின்னு சொல்லி, மறுபடி பழைய கம்பெனிக்கே போறாங்க. இன்னைக்குப் பகல்ல போர்டு மீட்டிங், கையெழுத்து. கையெழுத்து ஆனதும் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் லாரி ஏறிடும்.”

“அதுல இருக்கிற சாட்சியும் லாரி ஏறிடும்,” என்றாள் அண்ணி. “பழி யார் மேல?”

“சிஸ்டம் மேடம்னு ஒருத்தங்க. இலவசத்தைக் கொண்டுவந்தது அவங்கதான். சஸ்பெண்ட்.”

கண்டக்டர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “என்னையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆறுதல் சொல்லுவாங்களாம். புகார் எதுவும் இல்லைன்னு இதுல கையெழுத்தும் வேணுமாம்.”

“போங்க. கூட உங்க அக்கா வருவாங்கன்னு சொல்லிடுங்க.”

“எனக்கு அக்கா இல்லையே.”

“இப்போ இருக்கு,” என்று எழுந்தாள் அண்ணி.

* * *

அட்மிஷன் கவுன்டரில் இருந்த நர்ஸ் அழுது முடித்தவள் போல இருந்தாள். டிரைவரின் கையில் வெள்ளைப் பட்டையைக் கட்டியது அவள்தான். ஏதாவது மருந்து ஒத்துக்காதவர்களுக்குச் சிவப்புக் கைப்பட்டை, மற்றவர்களுக்கு வெள்ளை. இரண்டுக்கும் தனித்தனிப் பிரிண்டர். திரை என்ன சொல்கிறதோ அந்த மெஷினிலிருந்து பட்டை வரும்.

சோடா சிவப்புப் பட்டை மெஷினைத் தடவிப் பார்த்தான். “இந்த மாடலா? இதை நான் வித்திருக்கேன். வாங்கினவங்க யாரும் அப்புறம் என்னோட பேசினதில்ல. அடிக்கடி பட்டை சிக்குமே?”

“தினமும் சிக்கும்,” என்றாள் நர்ஸ். “கத்தரிக்கோல் வெச்சு இழுத்து எடுக்கிறதே என் வேலை. அன்னைக்கு ஒரு நாள்தான் தொந்தரவு குடுக்கல.”

அண்ணியின் தலை நிமிர்ந்தது. “எந்த நாள்?”

“அந்த… டிரைவருக்கு ஊசி போட்ட நாள்.”

“சிக்கலையா, இல்ல ஓடவே இல்லையா?”

நர்ஸ் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. “ஓடலைங்க. காலையில மாட்டின ரோல் அப்படியே இருந்துச்சு.”

“ஊர்ல ஒருத்தருக்குக்கூட எந்த மருந்தும் ஒத்துக்காம போகாத நாள்,” என்றான் சோடா. “அண்ணி, அந்த நாளுக்கு லீவு விடணும்.”

“அப்போ தப்பு டிரைவரோட விவரத்துல மட்டும் இல்ல. எல்லாரோட விவரமும் அன்னைக்கு வரல,” என்றாள் அண்ணி. “மறுநாள்?”

“மறுநாள் காலையிலேயே வழக்கம் போல சிக்கிக்கிச்சு.”

“சிஸ்டம் மேடத்தை எப்போ வீட்டுக்கு அனுப்பினாங்க?”

“ஊசி போட்ட அன்னைக்கு சாயங்காலமே. அவங்க பிரசவ லீவு முடிச்சு வந்து ரெண்டு வாரம்கூட ஆகல.”

அண்ணி சோடாவைப் பார்த்தாள். அவனும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தான். சரிசெய்யத் தெரிந்தவளை வெளியே அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் மறுநாள் சரியாகிவிட்டது. என்ன கோளாறு என்று தெரிந்த வேறு ஒருவர் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறார்.

“அந்த வாரம் திரையில புதுசா ஏதாவது பார்த்தீங்களா?”

“மஞ்சளா ஒரு பெட்டி வரும். ‘உரிமம் முடியப் போகிறது, புதுப்பிக்கவும்’னு. அது விளம்பரம், மூடிட்டு வேலையைப் பாருங்கன்னு மேலே இருந்து போன் வந்துச்சு.”

“மேலேன்னா எந்த மேலே?”

“மேலேன்னா… மேலேதான்,” என்று கூரையைப் பார்த்தாள் நர்ஸ்.

“கடவுள் போன் பண்றதில்ல,” என்றான் சோடா. “அதுக்குக் கீழே யாரோ.”

“இன்னொண்ணு,” அண்ணி கவுன்டரின் மேல் சாய்ந்தாள். “அன்னைக்குத் திரையில வந்த வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்க.”

“‘ஏதுமில்லை’. வழக்கமா ‘இல்லை’ன்னுதான் வரும். அன்னைக்கு எல்லாருக்கும் ‘ஏதுமில்லை’ன்னு வந்துச்சு. எங்கேயோ பழகின வார்த்தை மாதிரி இருந்ததால எனக்கு வித்தியாசமாவே தெரியல.”

அண்ணி அந்த வார்த்தையை உதட்டசைவில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “தம்பி, வண்டியை எடு.”

* * *

சிஸ்டம் மேடம் வீட்டில் துணிக்கொடி முழுக்கக் குழந்தைத் துணி. கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே கதவைத் திறந்தவள், வந்தவர்களைப் போலீஸ் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனாள்.

“நாங்க டிரைவர் சம்சாரம் பக்கம்,” என்றாள் அண்ணி. “ஒரே கேள்வி. இலவச சாஃப்ட்வேருக்கு எதுக்கும்மா உரிமம் புதுப்பிக்கணும்?”

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். “மஞ்சள் பெட்டி வந்துச்சா? எனக்கு யாரும் சொல்லலையே.”

“ஒரு வாரமா வந்திருக்கு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். பழைய கம்பெனியின் சாஃப்ட்வேரை ஆஸ்பத்திரி பத்து வருடத்துக்கு மேல் காசு கொடுத்து ஓட்டியது. கம்பெனி ஆள் கூப்பிட்ட நேரத்துக்கு வருவான், அது வசதி. ஆனால் நோயாளிகளின் பழைய விவரம் முழுக்க அந்தக் கம்பெனி பூட்டின பூட்டுக்குள் இருந்தது. வாடகை வருடா வருடம் ஏறியது. இலவச சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்று சொன்னது அவள்தான்.

“ஆனா இலவசம்னா சாஃப்ட்வேர்தான் இலவசம்னு சொன்னேன். பழைய விவரத்தையெல்லாம் பூட்டுக்கு வெளியே கொண்டுவரணும், அதுக்கு ஆள் வேணும். நர்ஸுங்களுக்குச் சொல்லித் தரணும், அதுக்கு நாள் வேணும். நான் இல்லாதப்போ பார்த்துக்க இன்னொருத்தர் வேணும். ஏ.ஓ. ஒத்துக்கல.”

ஏ.ஓ. என்றால் நிர்வாக அதிகாரி. ஆஸ்பத்திரியின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்.

“என்ன சொன்னார்?”

“‘செலவு பூஜ்யம்னு போர்டுல சொல்லிட்டேன்மா, இனிமே பூஜ்யத்துக்குப் பக்கத்துல எந்த நம்பரும் போட முடியாது’ன்னார்.”

“வீட்டை இனாமா எழுதிக் குடுத்தாங்கன்னு, கதவு ஜன்னல் வேண்டாம்னு சொன்ன மாதிரி,” என்றான் சோடா.

“அப்போ பழைய விவரம் எப்படி வந்துட்டு இருந்துச்சு?”

“கம்பெனி சேல்ஸ்மேன் ஒரு பாலம் குடுத்தார். பூட்டுக்குள்ள இருக்கிற விவரத்தை அப்பப்போ எடுத்து நம்ம திரைக்குக் கொண்டுவர்ற சின்ன புரோகிராம். ஒரு வருஷத்துக்கு இலவசம், அப்புறம் வாடகை. ஏ.ஓ. கையெழுத்து போட்டு வாங்கினார்.”

“அந்த வருஷம் முடிஞ்ச நாள்தான் சிவப்பு மெஷின் ஓய்வெடுத்த நாள்,” என்றாள் அண்ணி.

சிஸ்டம் மேடம் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். “இல்லைங்க. அப்படி ஆகாது. பாலம் அறுந்துபோனா என்ன ஆகும்னு நான் யோசிக்காம இருப்பேனா? விவரம் வரலைன்னா திரையில ‘தெரியவில்லை, நோயாளியிடம் கேட்கவும்’னு வரும். அதை எழுதினதே நான்தான். யாராவது ஒருத்தர் வாய்திறந்து கேட்டிருப்பாங்க.”

“ஆனா ‘ஏதுமில்லை’ன்னு வந்திருக்கு.”

“என்ன வந்திருக்கு?”

“ஏதுமில்லை.”

“அது என் வார்த்தை இல்ல,” என்றாள் அவள். குழந்தை சிணுங்கியது. அவளுக்கு அது கேட்கவே இல்லை. “நான் ‘இல்லை’ன்னுதான் எழுதுவேன். இலவச சாஃப்ட்வேர்ல யார் வேணும்னாலும் உள்ளே போய் மாத்தலாம், அதுதான் அதோட பலம். நான் லீவுல இருந்தப்போ யாரோ கை வெச்சிருக்காங்க.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். “குழந்தையை யார்கிட்டயாவது விட முடியுமா?”

உள்ளேயிருந்து மாமியார் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “போயிட்டு வா,” என்றாள். “தலைகுனிஞ்சு மட்டும் வராதே.”

* * *

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி குறுக்கே கையை நீட்டினான். சஸ்பெண்ட் ஆனவர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு.

சோடா அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். “நான் நோயாளி. இவங்க என் கூட வந்தவங்க. கூட வந்தவங்களையும் சஸ்பெண்ட் பண்ணுவீங்களா?”

செக்யூரிட்டி யோசித்து முடிப்பதற்குள் மூவரும் அட்மிஷன் கவுன்டரில் இருந்தார்கள்.

“தம்பி, பழைய சாஃப்ட்வேர் காலத்துல இங்க உனக்குப் பல்லு பிடுங்கினாங்களே.”

“மறக்க முடியுமா? வலி மாத்திரை குடுத்தாங்க, உதடு தலையணை மாதிரி ஆச்சு.”

“அது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும். பட்டை போட்டுக்கோ.”

நர்ஸ் தட்டினாள். சிவப்பு மெஷின் கரகரவென்று ஓடி, பாதியில் சிக்கியது. கத்தரிக்கோலால் இழுத்துச் சோடாவின் மணிக்கட்டில் கட்டினாள்.

“பாலம் இப்போ நடக்குது,” என்றாள் சிஸ்டம் மேடம். “யாரோ சாவி குடுத்திருக்காங்க.”

“எவ்வளவு நாளைக்குக் குடுத்தாங்கங்கறதுதான் எனக்குப் பயம்,” என்றாள் அண்ணி. “தம்பி, நீ இங்கேயே இரு. பட்டை தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லி அடிக்கடி புதுசு வாங்கு. நிறம் மாறினா அடுத்த நொடி எனக்குப் போன்.”

“பட்டையைத் தொலைக்கிறதுக்குச் சம்பளம். அண்ணா கேட்டா பெருமைப்படுவார்,” என்று சோடா பெஞ்சில் உட்கார்ந்தான்.

* * *

மீட்டிங் அறையில் ஏ.சி.யின் குளிர். மேஜையின் தலைமாட்டில் போர்டு தலைவி, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பக்கத்தில் ஏ.ஓ., கசங்காத சட்டை, கசங்காத முகம். சுவரோரம் கம்பெனியின் சேல்ஸ்மேன். அவன் இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், சென்ட் வாசனை அப்படி.

கண்டக்டரையும் அவளுடைய ‘அக்கா’வையும் உட்காரச் சொன்னார்கள்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா,” என்றார் ஏ.ஓ. “இலவசத்தை நம்பினது எங்க தப்பு. இன்னைக்கு அதைத் திருத்திடறோம். நீங்க அந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போட்டுட்டா…”

“அதுக்கென்ன அவசரம்? முதல்ல அவர் காட்டறதைக் காட்டட்டும்,” என்றாள் அண்ணி.

சேல்ஸ்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பைத் தட்டினான். சுவரில் வெளிச்சம் விழுந்தது. புது சாஃப்ட்வேர். வழவழப்பான திரை. மாதிரி நோயாளி ஒருவரின் பெயர், வயது, ரத்த வகை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி.

அண்ணி முன்னால் சாய்ந்தாள். “எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். கடைசி வரியைப் படிங்களேன்.”

“ஒவ்வாமை, ஏதுமில்லை.”

“‘இல்லை’ன்னு போட்டா போதாதா?”

“எங்க கம்பெனி ஸ்டைல் மேடம். ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்.” மறுபடியும் கடிகாரம்.

“அப்படியா. அப்போ உங்க ஸ்டைல், டிரைவருக்கு ஊசி போட்ட அன்னைக்கு, இவங்க இலவச சாஃப்ட்வேர் திரையில எப்படி வந்துச்சு?”



“யார் இவங்க?” என்று ஏ.ஓ. எழுந்தார்.

“உட்காருங்க,” என்றாள் தலைவி. பள்ளிக்கூடத்துக் குரல். அவர் உட்கார்ந்துவிட்டார். “நீங்க சொல்லுங்கம்மா.”

அண்ணி சொன்னாள். சிவப்பு மெஷின் ஓடாத நாளைச் சொன்னாள். மூடச் சொன்ன மஞ்சள் பெட்டியைச் சொன்னாள். சஸ்பெண்ட் ஆன மறுநாள் தானாகச் சரியான அதிசயத்தைச் சொன்னாள். “முன்னாடி பாலம் மக்கர் பண்ணினப்போ, தெரியவில்லை, கேளுங்கன்னு திரை சொல்லிட்டு இருந்துச்சு. கேட்டுக் கேட்டு அட்மிஷன்ல வரிசை நீண்டுச்சு. பார்த்துக்க வேண்டியவங்க பிரசவ லீவு. யாரோ ஒருத்தர் உதவிக்கு வந்து, ‘தெரியவில்லை’யை எடுத்துட்டு ‘ஏதுமில்லை’ன்னு போட்டார். கை பழகின வார்த்தை வந்து விழுந்துச்சு.”

“நான் வரிசையைக் குறைக்கணும்னுதான் சொன்னேன்,” என்றார் ஏ.ஓ. முகத்தில் முதல் கசங்கல். “இவரோட ஆள்தான் வந்து…”

“நீங்க கேட்டீங்க, செஞ்சு குடுத்தோம்,” என்றான் சேல்ஸ்மேன். “ஒரு பைசா வாங்கல. பாலத்தோட கெடு முடியுதுன்னு நேர்ல வந்து சொன்னேன். புதுப்பிச்சா செலவுக் கணக்குல வரும், போர்டு கேள்வி கேட்கும்னு தள்ளிப்போட்டது யாரு?”

“நீ கேட்ட தொகை அப்படி.”

“சாவியோட கெடு முடிஞ்சா பூட்டு திறக்காது, அது நியாயம்,” அண்ணி சேல்ஸ்மேன் பக்கம் திரும்பினாள். “உங்க ஆள் மாத்தின பூட்டு என்ன பண்ணுச்சு தெரியுமா? உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு பொய் சொல்லுச்சு. அப்படித்தான் சொல்லும்னு தெரிஞ்சுதான் கெடு முடியட்டும்னு காத்திருந்தீங்களா?”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாவது முறை.

அந்த நேரத்தில் அண்ணியின் போன் அதிர்ந்தது.

“அண்ணி,” சோடாவின் குரலில் விளையாட்டு இல்லை. “வெள்ளை.”

“எப்போ இருந்து?”

“தெரியல. இதுக்கு முன்னாடி வாங்கினது சிவப்பு. நடுவுல அஞ்சாறு பேர் பட்டை கட்டிட்டு உள்ளே போயிட்டாங்க.”

அண்ணி போனை இறக்கினாள். சேல்ஸ்மேனின் மணிக்கட்டைப் பார்த்தாள். “எத்தனை மணிக்கு முடியற மாதிரி சாவி குடுத்தீங்க?”

“பன்னெண்டு,” என்றான் அவன், தரையைப் பார்த்து. “அதுக்குள்ள கையெழுத்து ஆகிடும்னு… ஆனதும் முழுச் சாவி குடுத்திருப்பேன்.”

ஏ.ஓ.வின் வாய் திறந்தபடி இருந்தது. “நிரந்தரம்னு சொன்னியே.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியிருந்தது. கண்டக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

* * *

கீழே சிஸ்டம் மேடம் ஏற்கனவே நர்ஸின் நாற்காலியில் இருந்தாள்.

“உங்களைத்தான் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களே, பாஸ்வேர்டு வேலை செய்யுமா?” என்றான் சோடா.

“அதை நிறுத்தத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்,” என்றாள், விரல்கள் ஓட. “வேற யாரை வெச்சிருந்தாங்க?”

“வெள்ளைப் பட்டை போட்டவங்க எங்கெங்கே போனாங்க?” அண்ணி மூச்சு வாங்கினாள்.

நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். “எக்ஸ்ரேக்கு ரெண்டு பேர். கண்ணுக்கு ஒரு அம்மா. டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஒரு தச்சர், கையில ரம்பம் வெட்டினது. அப்புறம்…”

“கை வெட்டுக்கு என்ன ஊசி போடுவாங்க?”

பென்சிலின் என்று நர்ஸ் சொல்லத் தேவை இல்லை. ஊசி என்ற வார்த்தையைக் கேட்டவுடன் ஓடத் தொடங்கியவள், முன்பே இறங்கி வந்திருந்த கண்டக்டர்.

நீளமான நடைக்கூடம். ஸ்ட்ரெச்சர்கள், சக்கர நாற்காலிகள், காத்திருப்பவர்களின் கால்கள். கடைசியில் டிரெஸ்ஸிங் ரூமின் திறந்த கதவு. உள்ளே ஒரு நர்ஸ் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக் காற்றைத் தட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தாள். எதிரே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மனிதர். யார் கத்தினாலும் அங்கே கேட்காது, நடையில் அவ்வளவு இரைச்சல்.

கண்டக்டர் சட்டைப் பையில் கையை விட்டாள். வாயில் வைத்தாள்.

ஒரே விசில், பஸ்ஸை நிறுத்துகிற விசில். நீளமாக, கூரையில் மோதித் திரும்புகிற மாதிரி.

நடைக்கூடம் முழுவதும் நின்றது. ஸ்ட்ரெச்சர் தள்ளியவன் நின்றான். சிரிஞ்சும் காற்றில் நின்றது.

“போடாதீங்க,” என்றாள் கண்டக்டர், கதவைப் பிடித்துக்கொண்டு. “அவரைக் கேளுங்க. எது ஒத்துக்காதுன்னு முதல்ல கேளுங்க.”

நர்ஸ் வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள், தச்சரைப் பார்த்தாள். “ஏதாவது ஊசி உங்களுக்கு ஒத்துக்காதாங்க?”

“போன தடவை இங்க பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சே நின்னுபோச்சே,” என்றார் தச்சர். “அதான் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமே.”

நர்ஸ் சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். 

அட்மிஷன் கவுன்டரில் சிஸ்டம் மேடம் கடைசி எழுத்தைத் தட்டினாள். திரையில் பழைய வரி திரும்பி வந்தது: தெரியவில்லை, நோயாளியிடம் கேட்கவும். மற்ற வெள்ளைப் பட்டைக்காரர்களைச் சோடா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்டு வந்தான். வரிசை வாசலைத் தாண்டியது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். வரிசையைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை.

* * *

அண்ணி கூப்பிட்ட இன்ஸ்பெக்டர் வந்து ஏ.ஓ.வையும் சேல்ஸ்மேனையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார். இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தலைவி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, சிஸ்டம் மேடத்தின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். “பழைய விவரத்தையெல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியே கொண்டுவர என்ன வேணும்?”

“மூணு பேரும் ஆறு மாசமும். அதுவரைக்கும் பாலத்துக்கு வாடகை கட்டித்தான் ஆகணும். அதுக்கப்புறமும் ரெண்டு பேர் நிரந்தரமா வேணும்.”

“இதுக்குப் பேர் இலவசமா?”

“இல்லைங்கம்மா. இதுக்குப் பேர் நம்மோடது.”

“நாளைக்கு வேலைக்கு வந்துடு,” என்றாள் தலைவி, எழுந்துகொண்டே.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். கண்டக்டரைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். அண்ணியும் சோடாவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். கதவு முழுக்க மூடியிருக்கவில்லை.

டிரைவரின் கண்கள் பாதி திறந்திருந்தன. உதடு காய்ந்திருந்தது. மனைவியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவனுக்கு நேரமானது.

“விசில் கேட்டுச்சு,” என்றான். காற்று போன குரல்.

“ம்.”

“ஒண்ணுதான் கேட்டுச்சு. ஏன் நிறுத்தினே?”

அவள் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

“இறங்க வேண்டியவங்க ரெண்டு பேர் இருந்தாங்க,” என்றாள். “இறக்கிவிட்டுட்டேன்.”